பிரிப்பதற்கு முன் ஒரு பட்டியல்: வழங்கிப் பிரிப்பின் வரலாறு

ஒரே வன்பொருளைப் பல தனிக் கணினிகளாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் தனியோர் இயக்க முறைமையை இயக்குவது வழங்கிப் பிரிப்பு எனப்படும். தொழிலில் இருப்பவர்கள் இதைப் பார்ட்டிஷன் போடுவது என்பார்கள். மெய்நிகராக்கம் என்ற சொல் இதைவிடப் பரந்த பொருள் உடையது. ஆயினும் வரலாற்றில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தே வளர்ந்தன.

இதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் செயலியின் வேகத்தையும் மென்பொருளின் திறமையையும் விவரிக்கின்றனர். இக்கட்டுரை அவ்வளவு புகழ் பெறாத ஒரு பொருளைப் பின்தொடர்கிறது. அது, பிரிப்பதற்கு முன் எழுதப்படும் வன்பொருள் பட்டியல். இயந்திரத்தில் எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எந்தப் பொருத்துமிடத்தில் எந்த அட்டை, அந்த அட்டைக்குப் பின்னால் எந்த வட்டு என்று குறித்து வைக்கும் பட்டியல். எழுதுவது சலிப்பான வேலைதான். ஆனால் அதைத் தள்ளிப்போட முடியாது. ஏனெனில் பிரித்த பின் எந்தப் பங்கிற்குள் இருந்து பார்த்தாலும் முழு இயந்திரம் தெரியாது. ஒருவர் பங்கு மற்றவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தானே பிரிக்கிறோம்! ஆகவே உள்ளே இருந்து முழுமையாகப் பார்த்து எழுதக்கூடிய கடைசி நாள், பிரிப்பதற்கு முந்தைய நாள்.

நம் ஊர்ப் பாகப்பிரிவினைப் பத்திரங்களில் முதலில் குடும்பச் சொத்து முழுவதையும் சர்வே எண்ணோடும் நான்கெல்லையோடும் விவரித்துவிட்டு, அதன் பிறகுதான் இன்னாருக்கு இன்னது என்று எழுதுவார்கள். கணினித் துறை இந்த ஒழுங்குக்கு வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அட்டைக் கட்டில் இருந்த பட்டியல்

ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தது. ஒரு கணினிக்கு எழுதிய நிரல் அதே நிறுவனத்தின் வேறு வகைக் கணினியில் ஓடாது என்பதே அதுவரை பொதுநிலை. புதிய வரிசையில் சிறிய கணினியும் பெரிய கணினியும் ஒரே கட்டளை முறையைப் பின்பற்றின. இதனால் ஒரு புதுச் சிக்கலும் வந்தது. இயக்க முறைமை ஒன்று, ஆனால் அது ஓட வேண்டிய இயந்திரங்கள் ஊருக்கு ஒரு விதம். ஓரிடத்தில் ஒரு அச்சுப்பொறியும் நான்கு நாடாக்களும் இருக்கும். இன்னோரிடத்தில் இருபது வட்டுகள் இருக்கும். எந்த முகவரியில் எந்தச் சாதனம் உள்ளது என்று இயந்திரத்தையே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி அன்றைய இயக்க முறைமைக்கு இல்லை.

அதற்கான வழிதான் சிஸ்ஜென், அதாவது முறைமை உருவாக்கம். கணினி அறையில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு வரி. அந்த வரியில் சாதனத்தின் முகவரியும் வகை எண்ணும் இருக்கும். வரிகளைத் துளை அட்டைகளில் பதித்து இயந்திரத்துக்கு ஊட்ட வேண்டும். முதற்கட்டத்தில் அவை சரிபார்க்கப்பட்டு ஒரு நீண்ட வேலைத் தொகுதியாக மாறும். இரண்டாம் கட்டத்தில் அந்த வேலைகள் மணிக்கணக்கில் ஓடி, அந்த அறைக்கே உரிய இயக்க முறைமையை உருவாக்கித் தரும். புதிதாக ஒரு நாடா இயக்கி வாங்கினாலும் இந்த வேலையின் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

பார்ட்டிஷன் என்ற சொல்லும் இக்காலத்திலேயே புழங்கியது. ஓஎஸ்/360 முறைமையின் எம்எஃப்டி என்ற வகை, நினைவகத்தை நிலையான பகுதிகளாகப் பிரித்து, ஒரே சமயத்தில் 15 வேலைகள் வரை நடத்தியது. ஆனால் அது ஓர் இயக்க முறைமை தன் வீட்டுக்குள் போட்டுக்கொண்ட தடுப்புச் சுவர். வீட்டையே பாகம் பிரிப்பது வேறு.

கேம்பிரிட்ஜில் பிறந்த போலிக் கணினி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில், எம்ஐடி பல்கலைக்கழகத்தின் அருகே, ஐபிஎம் 1964இல் ஓர் அறிவியல் மையத்தை நிறுவியது. நார்மன் ராஸ்முசன் அதன் தலைவர். பலர் ஒரே கணினியை ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப் பகிர்வு முறைக்கு எம்ஐடி புகழ்பெற்றிருந்தது. அதன் அடுத்த பெருந்திட்டமான மல்ட்டிக்ஸுக்கு எம்ஐடி ஐபிஎம் இயந்திரத்தை விட்டுவிட்டு ஜெனரல் எலெக்ட்ரிக் இயந்திரத்தைத் தேர்ந்தது ஐபிஎம்முக்குப் பெரிய அடி. அந்தச் சூழலில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் சிபி-40 என்ற திட்டத்தைத் தொடங்கினர்.

அவர்கள் எடுத்துக்கொண்டது 256 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு சிஸ்டம்/360 மாடல் 40. அதில் முகவரிகளை மாற்றித் தருவதற்காக ஒரு தனிக் கருவியைச் சேர்த்தனர். நினைவகம் 4 கிலோபைட் கொண்ட 64 பக்கங்களாகப் பிரிக்கப்பட்டது. பக்கத்துக்கு ஒன்றாக 64 பதிவகங்கள். 1967 ஜனவரியில் அது அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றும் 256 கிலோபைட் நினைவகம் உடையதாகத் தன்னை நம்பிக்கொண்டிருந்த 14 கணினிகளை அந்த ஒரே இயந்திரம் தாங்கியது. இவற்றுக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் போலி இயந்திரம். மெய்நிகர் இயந்திரம் என்ற பெயர், ஐபிஎம்மின் இன்னோர் ஆய்வுக் குழுவின் எம்44/44எக்ஸ் திட்டத்திலிருந்து பின்னர் வந்தது.

இந்த எண்ணமே மாடல் 67 கணினிக்கு சிபி-67 ஆக வளர்ந்து, 1972 ஆகஸ்டு 2 அன்று விஎம்/370 என்ற பெயரில் முறையான விற்பனைப் பொருளாக அறிவிக்கப்பட்டது.

விஎம்/370இல் பட்டியல் இரண்டாயிற்று. ஒன்று, அறையில் உண்மையாக நிற்கும் சாதனங்களின் பட்டியல். அது முறைமையின் கருவுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டது. அதை மாற்றினால் கருவை மீண்டும் உருவாக்க வேண்டும். மற்றொன்று டைரக்டரி எனப்பட்ட பயனர் விவரத் தொகுப்பு. ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் எவ்வளவு நினைவகம், எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்று அதில் எழுதியிருக்கும். 009 என்றால் தட்டச்சு முனையம், 190 என்றால் எல்லாரும் படிக்கும் பொது வட்டு, 191 என்றால் அவரவர் சொந்த வட்டு. உண்மையில் இருப்பதை விவரிக்கும் பட்டியலும், இருப்பதாக ஒருவருக்குக் காட்டப்போவதை விவரிக்கும் பட்டியலும் இங்கேதான் தனித்தனி ஆவணங்களாகின்றன. பின்னால் வந்த எல்லாப் பிரிப்பு முறைகளிலும் இந்த இரட்டைப் பட்டியல் ஏதோ ஒரு வடிவில் உண்டு.

நூற்றுப்பத்தாம் உருளை

இந்த இரு பட்டியல்களும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? விஎம்/370இன் சிறுவட்டு முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அக்காலத்து 3330 வகை வட்டு ஒன்றில் 404 உருளைகள் உண்டு. உருளை என்பது வட்டடுக்கின் எல்லாத் தட்டுகளிலும் ஒரே தொலைவில் அமைந்த தடங்களின் தொகுப்பு. ஒரு முழு வட்டை ஒரே பயனருக்குக் கொடுப்பது வீண் என்பதால், அதைத் துண்டு போட்டுப் பலருக்குக் கொடுத்தனர். டைரக்டரியில் இன்னாருடைய சிறுவட்டு இத்தனையாவது உருளையில் தொடங்கும், இத்தனை உருளை நீளம் என்று எழுத வேண்டும்.

முதல் பயனருக்கு 101ஆம் உருளையில் தொடங்கி 10 உருளைகள் எழுதுகிறோம் என்று கொள்வோம். அது 110ஆம் உருளையோடு முடிகிறது. அடுத்தவருக்கு 111 என்று தொடங்க வேண்டும். எழுதுபவர் 101ஓடு 10ஐக் கூட்டி அப்படியே எழுத வேண்டிய இடத்தில் ஒன்றைக் கழித்து 110 என்று எழுதிவிடுகிறார். வேலி முழக்கணக்கில் பிள்ளைகள் விடும் அதே பிழை! டைரக்டரியைப் பதிவேற்றும் நிரல் ஒவ்வொரு வரியும் இலக்கணப்படி சரியா என்று பார்க்கும். ஒரு வரியின் எல்லை இன்னொன்றின் எல்லைக்குள் புகுகிறதா என்று அது பார்க்காது. பதிவேற்றம் எந்த எச்சரிக்கையும் இன்றி முடிந்துவிடும்.

இப்போது முதல் பயனரின் கடைசி உருளையும் இரண்டாம் பயனரின் முதல் உருளையும் ஒன்றே. இரண்டாமவரின் முதல் உருளையில்தான் அவருடைய வட்டின் பெயரும் கோப்பு அட்டவணையின் தொடக்கமும் இருக்கும். முதல் பயனரின் வட்டு நிறையாத வரை ஒன்றும் நிகழாது. மாதக்கணக்கில் இருவரும் நிம்மதியாக வேலை செய்வார்கள். ஒரு நாள் முதலாமவர் பெரிய கோப்பு ஒன்றைச் சேமிப்பார். அடுத்த நாள் காலை இரண்டாமவர் தன் வட்டே இல்லை என்று புகார் சொல்வார்.

இதில் கவனிக்க வேண்டியது, இருவருக்குமே பிழையைக் கண்டுபிடிக்க வழி இல்லை என்பது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியிலும் சிறுவட்டு பூச்சியமாம் உருளையில் தொடங்குவதாகவே தெரியும். உண்மை வட்டில் தாம் எங்கே இருக்கிறோம் என்பது உள்ளிருப்பவர்க்குத் தெரியாது. முழுவட்டின் வரைபடத்தை வெளியே வைத்திருப்பவர் மட்டுமே காண முடியும். விஎம் முறைமையின் பிற்காலப் பதிப்புகளில் டிஸ்க்மேப் என்ற கருவி இடம்பெற்றது. அது டைரக்டரியைப் படித்து, ஒவ்வொரு வட்டிலும் எங்கே இடைவெளி, எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது என்று அட்டவணை போட்டுக் காட்டும். விஎம் பரம்பரையில் வந்த இசட்/விஎம்மிலும் அது இருக்கிறது.

வன்பொருளுக்குள் புகுந்த பட்டியல்

மென்பொருளால் பிரிப்பதற்குப் பதிலாக இயந்திரத்தின் உள்நிலை நிரலே பிரிக்கும் முறை 1980களில் வந்தது. சிஸ்டம்/360ஐ வடிவமைத்தவர்களில் முதன்மையானவரும், பின்னர் ஐபிஎம்மை விட்டு வெளியேறித் தனி நிறுவனம் கண்டவருமான ஜீன் அம்டாலின் நிறுவனம் தன் இயந்திரங்களில் இத்தகைய வசதியைக் கொண்டுவந்தது. ஐபிஎம் 1988இல் தன் 3090 வரிசையில் பிஆர்/எஸ்எம் என்ற வசதியைத் தந்தது. அதன் பங்குகளுக்கு எல்பார் என்று பெயர். தருக்கப் பிரிவு என்று தமிழில் சொல்லலாம்.

இங்கே சாதனப் பட்டியல் இயக்க முறைமையை விட்டு இறங்கி, இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கணினியின் வட்டில் குடியேறியது. அதன் பெயர் ஐஓசிடிஎஸ். எந்தத் தடவழி எந்தப் பிரிவுக்கு உரியது, அதன் மறுமுனையில் எந்தச் சாதனங்கள் உள்ளன என்பதையெல்லாம் இயந்திரம் முழுமீட்டமைப்புப் பெறும்போது அந்தப் பட்டியலிலிருந்துதான் அறியும். பட்டியலில் இல்லாத சாதனம், கம்பி மாட்டியிருந்தாலும், இல்லாத சாதனமே. ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களைச் சேமிக்க இடம் இருந்தது. எனவே புதியதை ஓரிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவைப்பதே விவரமானவர் வழக்கம்.

ஆனால் இயக்க முறைமைக்கென்று ஒரு சாதனப் பட்டியலும் தொடர்ந்து தேவைப்பட்டது. இரண்டையும் கையால் தனித்தனியே எழுதி ஒத்துப்போக வைக்க வேண்டியிருந்தது. ஒரே மூலக்கோப்பிலிருந்து இரண்டையும் உருவாக்கும் எச்சிடி என்ற கருவி 1990களின் தொடக்கத்தில் வந்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1997இல் வெளியிட்ட என்டர்பிரைஸ் 10000 வேறு வழியில் சென்றது. அதில் 16 பலகைகள். ஒவ்வொன்றிலும் செயலியும் நினைவகமும் உள்ளீட்டு அட்டைகளும் இருக்கும். பிரிப்பது பலகைக் கணக்கில் மட்டுமே. எல்லை கண்ணுக்குத் தெரிவதால் பட்டியலும் எளிது. வளைந்து கொடுக்காது என்பது அதன் குறை.

ராச்செஸ்டரின் 132 எழுத்து அகலத் தாள்

இந்த வரலாற்றில் பட்டியலுக்கு மிகுந்த மதிப்புக் கொடுத்த இடம், என் கணிப்பில், மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர். ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினி அங்கே உருவாகி 1988 ஜூன் 21 அன்று அறிவிக்கப்பட்டது. நடுத்தர நிறுவனங்களும் வங்கிகளும் கிடங்குகளும் வாங்கிய இயந்திரம் அது. பெருங்கணினி அறைகளில் இருப்பதைப் போன்ற வல்லுநர் கூட்டம் அங்கே இருக்காது. ஒருவரோ இருவரோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் பிரிப்பு வசதியைக் கொடுப்பதற்கு முன் தெளிவான நடைமுறை வேண்டும்.

அந்த வசதி 1999 மே மாதம், ஓஎஸ்/400இன் வி4ஆர்4 பதிப்போடு வந்தது. ஓர் இயந்திரத்தை 12 பிரிவுகள் வரை பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு முழுச் செயலி வேண்டும். பிரிவுகளில் ஒன்று முதன்மைப் பிரிவு. மற்றவை துணைப் பிரிவுகள். முதன்மை நின்றால் துணைகளும் நிற்கும். ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று கடிகாரமும் மொழியும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இரு நாட்டு அலுவலகங்களை ஒரே பெட்டியில் நடத்த முடிந்தது.

செயலியையும் நினைவகத்தையும் பங்கிடுவது வெறும் எண் கணக்கு. சிரமம் முழுவதும் உள்ளீட்டு வெளியீட்டுப் பகுதியில் இருந்தது. ஏஎஸ்/400இல் வட்டும் நாடாவும் முனையமும் இயந்திரத்தோடு நேரடியாக இணைவதில்லை. அவை ஒரு தகவி அட்டையோடும், தகவி ஐஓபி என்ற உள்ளீட்டுச் செயலியோடும், ஐஓபி பாட்டை எனப்படும் தரவுத் தடத்தோடும் இணையும். மரத்தின் இலை, காம்பு, கிளை, அடிமரம் போன்ற அமைப்பு. பாட்டை முழுவதையும் ஒரு பிரிவுக்குக் கொடுக்கலாம், அல்லது பாட்டையைப் பொதுவாக வைத்து ஐஓபிகளைத் தனித்தனியே கொடுக்கலாம். ஐஓபிக்குக் கீழே பிரிக்க முடியாது. அதாவது, ஒரு நாடா இயக்கியைக் கேட்டால் அதே ஐஓபியின் கீழ் உள்ள வட்டுகளும் கூடவே வரும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் சில பொருள்கள் இன்றியமையாதவை. இயக்க முறைமையைத் தொடங்கித் தரும் தொடக்க வட்டு ஒன்று, இயக்குபவர் அமரும் முனையம் ஒன்று, அவசரத்துக்கு நாடா அல்லது குறுவட்டிலிருந்து தொடங்கும் வழி ஒன்று. இவை மூன்றும் எந்தெந்த ஐஓபியின் கீழ் இருக்கின்றன என்று அறியாமல் பங்கிட உட்கார்ந்தவர், பாதி வழியில் ஒரு பிரிவுக்கு முனையம் இல்லை என்று கண்டு எழுந்து நிற்பார்.

ஆகவே ஐபிஎம்மின் வழிகாட்டி நூல்கள் திட்டமிடலின் தொடக்கத்திலேயே வன்பொருள் அமைவை அச்சிடச் சொல்லின. சேவைக் கருவிகளுக்குள் நுழைந்து, வன்பொருள் சேவை மேலாளர் என்ற பகுதியில் அச்சிடும் விசையை அழுத்தினால், முழு மரமும் 132 எழுத்து அகலத் தாளில் வரும். ஒவ்வொரு வரியிலும் பொருளின் வகை எண், மாதிரி எண், தொடர் எண், பெட்டிச் சட்டத்தின் எண், அட்டை அமர்ந்த இடம், முறைமை அதற்கு வைத்த பெயர் ஆகியவை இருக்கும். கூடவே நிரப்பிக்கொள்ளப் படிவங்களும் கொடுத்தனர். அச்சுத்தாளை மேசையில் விரித்து, பென்சிலால் எந்த ஐஓபி எந்தப் பிரிவுக்கு என்று குறித்து, படிவத்தில் ஏற்றிய பிறகே திரைக்கு முன் அமர வேண்டும்.

அந்த வரிகளில் எது நிலையானது, எது நிலையற்றது என்று அறிவது முக்கியம். டிடி007 என்பது முறைமை ஒரு வட்டுக்கு வைத்த பெயர். அந்த வட்டு புதிய பிரிவுக்குப் போனதும் அங்கே உள்ள இயக்க முறைமை தன் கணக்கில் டிடி001 என்று புதுப்பெயர் வைக்கும். பழைய பிரிவிலோ டிடி001 என்பது வேறொரு வட்டு. பெயரை மட்டும் குறித்துவைத்தவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். தொடர் எண்ணும் இருப்பிடமும் மாறாதவை.

இதைப் படிக்கும்போது எனக்கு என் பணிக்காலம் நினைவுக்கு வந்தது. நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றை இரண்டாகப் பிரித்தார்கள். தளவாடங்களின் மேல் வண்ணத்தில் எழுதிய எண்களைத்தான் இருப்புப் பதிவேட்டில் ஏற்றியிருந்தோம். பிரிந்த இரு பள்ளிகளும் தத்தம் மேசைகளுக்கு ஒன்றிலிருந்து புது எண் எழுதிவிட்டன. அடுத்த தணிக்கைக்கு வந்தவர் பழைய பதிவேட்டில் 14ஆம் மேசை எங்கே என்று கேட்டபோது, இரு பள்ளியிலும் 14ஆம் மேசை இருந்தது. எது அது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

வட்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓஎஸ்/400 தன் தரவை ஒரு வட்டில் ஒரு கோப்பு என்று வைப்பதில்லை. நினைவகத்தையும் வட்டுகளையும் ஒரே பரப்பாகக் கருதி, தரவைத் தொகுப்பிலுள்ள எல்லா வட்டுகளிலும் பரப்பி வைக்கும். வேகத்துக்கு இது நல்லது. பிரிப்பதற்கோ இடையூறு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில், வேறு பிரிவுக்குப் போக வேண்டிய வட்டிலும் பழைய தரவின் துணுக்குகள் இருக்கும். முதலில் அந்த வட்டுகளைத் தொகுப்பிலிருந்து முறைப்படி விலக்கி, அவற்றில் இருந்ததை மற்ற வட்டுகளுக்கு நகர்த்த வேண்டும். பழுதுக் காப்புக்காகச் சேர்த்துக் கட்டிய வட்டுக் குழு என்றால் அந்தக் கட்டையும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் ஐஓபியைத் தூக்கிக் கொடுத்தால், முதன்மைப் பிரிவு அடுத்த முறை தொடங்கும்போது வட்டுகளைக் காணவில்லை என்று நின்றுவிடும். ஒரு நிறுவனத்தின் முழுக் கணக்கும் அதில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், எந்த வட்டு எந்தத் தொகுப்பில், எந்தக் குழுவில், எந்த ஐஓபியின் கீழ் என்ற மூன்று விவரங்களும் ஒரே தாளில் இருக்க வேண்டியதன் காரணம் புரியும்.

பிரித்து முடித்த பின்னும் தாளுக்கு வேலை முடிவதில்லை. பிரிவுகளின் அமைவு விவரத்தை ஒவ்வொரு பிரிவின் தொடக்க வட்டிலும் இயந்திரமே எழுதி வைத்துக்கொள்ளும். ஒன்று கெட்டால் மற்றொன்றிலிருந்து மீட்கலாம். ஆனால் வழக்கமான நாடாக் காப்பில் அது சேர்வதில்லை. தீ விபத்திலோ வெள்ளத்திலோ இயந்திரமே போய், வேறு இயந்திரத்தில் எல்லாவற்றையும் மீட்க நேர்ந்தால், தரவு நாடாவில் இருக்கும். பிரிவுகளின் வரைபடம் இருக்காது. அதைத் தொடக்கத்திலிருந்து கையால் அமைக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அமைவை அச்சிட்டு வைக்குமாறு நூல்கள் சொன்னது இதற்காகத்தான். அந்தத் தாளைக் கணினி அறையிலேயே வைத்திருந்தால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது.

2001இல் வந்த வி5ஆர்1 பதிப்பில் ஒரு செயலியைப் பல பிரிவுகள் பகிரவும், இயந்திரத்தை நிறுத்தாமலே செயலியையும் நினைவகத்தையும் பிரிவுகளுக்கிடையே நகர்த்தவும், லினக்ஸைத் துணைப் பிரிவில் இயக்கவும் முடிந்தது.

தனிப் பெட்டிக்கு மாறிய பொறுப்பு

அதே 2001 அக்டோபரில் ஐபிஎம் யூனிக்ஸ் வழங்கியான பி690ஐ வெளியிட்டது. பவர்4 செயலி கொண்ட அதை 16 பிரிவுகள் வரை பிரிக்கலாம். பிரிப்பதற்கு எச்எம்சி என்ற தனியொரு சிறு கணினியை வெளியே வைத்தார்கள். 2004இல் பவர்5 செயலியோடு ஏஎஸ்/400 பரம்பரையும் இதே முறைக்கு வந்தது. முதன்மைப் பிரிவு என்ற ஏற்பாடு மறைந்தது. உள்ளே இருந்த ஒருவரிடம் இருந்த முழுப் பார்வை, வெளியே நிற்கும் பெட்டிக்குப் போயிற்று. செயலியைப் பத்தில் ஒரு பங்கு வரை நறுக்கிக் கொடுக்கவும் முடிந்தது.

வெளியே ஒருவர் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்றால் பட்டியல் தேவையில்லையே என்று தோன்றும். அவர் பார்ப்பது பொருத்துமிடத்தையும் அதில் உள்ள அட்டையையும்தான். அட்டைக்குப் பின்னால் எத்தனை வட்டு, அவற்றில் எது எந்தத் தொகுப்பில் என்பது ஓடிக்கொண்டிருக்கும் இயக்க முறைமைக்கே தெரியும். தொழிற்சாலையிலிருந்து வரும் இயந்திரத்தில் எல்லா வளங்களும் ஒரே பிரிவுக்கு உரியனவாக இருக்கும். அந்த நிலையில் இயக்க முறைமையைத் தொடங்கிப் பட்டியலை அச்சிட்டுவிட்டுப் பிறகு பிரிப்பதே இங்கும் நடைமுறை.

பென்சில் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டதும் இக்காலத்தில்தான். எல்விடி என்ற சரிபார்ப்புக் கருவியை ஐபிஎம் இலவசமாகத் தந்தது. எந்தப் பொருத்துமிடத்தில் எந்த அட்டை, எது யாருக்கு என்று அதில் வரைந்தால், இந்த அட்டை இந்த இடத்தில் அமராது, இந்தப் பிரிவுக்குத் தொடக்க வட்டு இல்லை என்று பிழைகளைச் சொல்லும். பின்னர் அதன் இடத்தில் வந்த முறைமைத் திட்டக் கருவி, திட்டத்தைக் கோப்பாகவே எச்எம்சிக்குக் கொடுத்து அதன்படி பிரிவுகளை உருவாக்கவும் செய்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் படித்துத் திட்டக் கோப்பாக எழுதித் தரவும் எச்எம்சியால் முடிந்தது.

இங்கும் இரட்டைப் பட்டியல் மறையவில்லை. பிரிவு தொடங்கும்போது எடுத்துக்கொள்ளும் வளங்களின் பட்டியலுக்கு புரொஃபைல் என்று பெயர். ஓடும்போதே ஒரு பிரிவுக்கு நினைவகத்தைக் கூட்டலாம். ஆனால் அதை புரொஃபைலிலும் எழுதாவிட்டால், அப்பிரிவை நிறுத்தி அதே புரொஃபைலைக் கொண்டு மறுபடி தொடங்கும் நாளில் பழைய அளவே திரும்பி வரும். கூட்டிக் கொடுத்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எதிர்த்திசையில் வந்தவர்கள்

சாதாரண இன்டெல் வகைக் கணினிகளில் கதை தலைகீழ். விஎம்வேர் நிறுவனம் 1998இல் தொடங்கப்பட்டு, 1999இல் மேசைக் கணினிக்கும் 2001இல் வழங்கிக்கும் தன் மென்பொருளை வெளியிட்டது. செயலிக்குள்ளேயே இதற்கான துணைவசதிகளை இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் சேர்த்தன. இங்கே ஒரு பெரிய இயந்திரத்தை யாரும் பிரிக்கவில்லை. சும்மா சுழன்றுகொண்டிருந்த பத்து இருபது சிறு வழங்கிகளை ஒரே பெட்டிக்குள் அடைத்தார்கள். கூட்டுக் குடும்பம் பிரிவதைப் போலன்றி, தனிக்குடித்தனங்கள் ஒரே வீட்டுக்கு வருவதைப் போன்றது.

பட்டியல் இங்கும் முதலிலேயே வேண்டும். அதில் எழுத வேண்டியவை மாறுகின்றன. செயலி எவ்வளவு வேகம் என்பதைவிட, ஒரு நாளில் எந்த மணிக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பது முக்கியம். பழைய பெட்டியின் முதுகில் யாரோ மாட்டிவிட்ட தொலைநகல் மோடமும், உரிமத்துக்காகச் செருகிய சிறு பூட்டுக் கருவியும் எந்த மென்பொருள் கணக்கெடுப்பிலும் ஒழுங்காக வருவதில்லை. பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். விண்டோஸ் வழங்கியை மெய்நிகர் கணினியாக மாற்றும்போது, பழைய பிணைய அட்டையின் முகவரி விவரம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். அதே முகவரியைப் புதிய அட்டைக்குக் கொடுத்தால் அது ஏற்கெனவே இருக்கிறது என்று முறைமை எச்சரிக்கும். சில மென்பொருள்களின் உரிமமோ பழைய பிணைய அட்டையின் வன்பொருள் எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். மெய்நிகர் அட்டைக்கு வேறு எண் வருவதால் உரிமம் செல்லாது. விற்றவரைக் கேட்டால் பழைய எண்ணைச் சொல்லுங்கள் என்பார். அந்த அட்டை அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.